பூனைக்கும் ஒரு மண் பேசின்



மருதமுனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மூன்று மாதக் கர்ப்பிணி. புது வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. வளவு முழுக்கக் கல் பதித்தாயிற்று. நாலு வருடமாக வளர்த்த பூனை இப்போது பூச்சட்டியிலும் படிக்கட்டு மூலையிலும் இருந்துவிட்டு வருகிறது. ஒரு நாள் தொழுகை விரிப்பையும் அசுத்தப்படுத்திவிட்டதாம். "சாக்கில் கட்டி மீன் சந்தையடியில் விட்டுவிட்டு வரச் சொல்லு" என்று உம்மா ஒரே பிடியாக நிற்கிறார். மகளுக்கு மனம் வரவில்லை. கடையில் விற்கும் பூனை மண்ணை வாங்குவதா, வீட்டில் உள்ள எதையாவது போடுவதா என்று கேட்கிறார்.

உம்மாவின் பயம் நியாயமானதுதான். ஆனால் பூனையின் மேல் குற்றமில்லை. எங்கள் கரையோர ஊர்களில் வளவு என்றால் மணல். பூனை வேலிக்கரையில் தோண்டும், மூடும், போய்விடும். யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரையோரம் இருந்த எத்தனையோ குடும்பங்கள் உள்ளே வந்து மாடி வீடுகளில் குடியேறின. மற்ற வீடுகளிலும் முற்றம் சீமெந்தாகி, பிறகு பதிகல்லாகிவிட்டது. நாம் மணலை எடுத்துவிட்டோம். பூனையோ இன்னும் மணலைத் தேடுகிறது.

மார்க்கத்தின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பூனை நஜீஸான பிராணி அல்ல. வுழூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது அபூகதாதா (ரழி) பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்ததும், ஆச்சரியப்பட்டுப் பார்த்த மருமகளுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னதும் நாம் கேட்ட செய்திதான். ஆனால் அதன் மலமும் சிறுநீரும் நஜீஸ். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் வெயிலில் காய்ந்ததனால் மட்டும் அந்த மண் சுத்தமாகிவிடாது. ஆகவே பேசினைத் தொழும் இடத்துக்கும் குசினிக்கும் தூரமாக வையுங்கள்.

சரி, எதைப் போடுவது? பூனைக்கு அதிகம் பிடித்தது நுண்ணிய, வாசனை போடாத மண்தான். கழுவிக் காயவைத்த மணலை அது உடனே ஏற்றுக்கொள்ளும். செலவும் குறைவு. குறை என்னவென்றால் மணல் சிறுநீரை உறிஞ்சாது. அது அடியில் போய்த் தங்கி நாறும். அடியில் பழைய பத்திரிகையை நாலைந்து மடிப்பாக விரித்து, மேலே இரண்டு அங்குலம் மணல் போட்டு, இரண்டு நாளைக்கொரு முறை எல்லாவற்றையும் மாற்றினால் சமாளிக்கலாம். அதற்காகக் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். கடல் அரிக்கிற கரை அது, அனுமதியின்றி அள்ளுவது சட்டப்படியும் குற்றம். கட்டட வேலைக்கு வாங்கும் மணலில் ஒரு வாளி போதும்.

உமி எங்கள் பக்கத்தில் மலிவு, நெல் ஆலைக்குப் போனால் கிடைக்கும். ஆனால் அதுவும் ஈரத்தை நன்றாக இழுக்காது. மின்விசிறி போட்டால் வீடெல்லாம் பறக்கும். அடுப்புச் சாம்பல் நாற்றத்தை அடக்கும், பிறகு பூனையின் கால் தடம் கட்டில் வரை போகும். அமெரிக்காவிலும் இதே தொல்லைதான். 1947இல் மிச்சிகன் மாநிலத்தில் சாம்பல் போட்டு அலுத்த ஒரு பெண், குளிரில் மணல் உறைந்துபோனதால் அயலவரான எட்வர்ட் லோ என்பவரிடம் மணல் கேட்டாராம். அவர் எண்ணெய்க் கசிவை உறிஞ்ச விற்கும் களிமண் குறுணியைக் கொடுத்தார். கடைப் பூனை மண்ணின் வியாபாரம் அங்கேதான் தொடங்கியது. இப்போது வருவது பெரும்பாலும் நனைந்ததும் கட்டியாகும் களிமண். அகப்பையால் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம், மிகவும் வசதி. விலைதான் கடிக்கும். அதை மலசலகூடத்தில் கொட்டினால் குழாய் அடைத்துவிடும். பால் குடிக்கும் குட்டிகள் அதைத் தின்று பார்க்கும், அவற்றுக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால், மாடி வீட்டுக்காரருக்குத் தும்புத்தூளைச் சொல்வேன். நாற்றுமேடைக்கு விற்கும் அதே தூள். தன் எடையைப் போல் பல மடங்கு ஈரத்தை இழுக்கும். சற்று ஈரமானால் வெள்ளைத் தரையில் கறை பிடிக்கும், அதனால் பேசினின் கீழே ஒரு பழைய பாயை விரியுங்கள். தச்சுப் பட்டறைச் சீவலும் நல்லது, வார்னிஷ் பூசிய மரத்தினுடையதாக இருக்கக்கூடாது. தறி வீட்டுச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: கழிவு நூலைப் பேசினில் போட்டுவிடாதீர்கள். விழுங்கினால் நூல் குடலைச் சுருட்டி வெட்டும், பூனை பிழைப்பது கஷ்டம்.

இனி கர்ப்பிணியின் விடயம். வைத்தியர்கள் பயப்படுவது டொக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமியை. பூனையின் மலத்தில் வரும் அதன் முட்டை உடனே தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாட்கள் செல்லும். அப்படியென்றால் எந்த மண் போடுகிறீர்கள் என்பதைவிடத் தினமும் அள்ளுகிறீர்களா என்பதுதான் பெரிய கேள்வி. அந்த வேலையை இந்த மாதங்களில் கணவரோ தங்கையோ செய்யட்டும். யாரும் இல்லையென்றால் கையுறை போட்டுச் செய்துவிட்டுச் சவர்க்காரத்தால் கை கழுவுங்கள். பூனையைச் சந்தையில் விட்டாலும் இந்தத் தொற்று ஓடிவிடாது. சரியாக வேகாத இறைச்சியிலும், கழுவாத கீரையிலும், தெருப்பூனை தோண்டிய மண்ணிலும் அது இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பான் இறைச்சித் துண்டைப் பச்சையாகப் பூனைக்கு எறிகிறோமே, அதையும் அவித்துப் போடுங்கள்.

தெருவில் யாராவது வீடு கட்டினால் மணல் குவியலைத் தறப்பாளால் மூடச் சொல்லுங்கள். ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் அதுதான் பேசின். அதில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலில் கொக்கிப்புழுக் குஞ்சு நுழைந்து கோடு கோடாக அரிக்கும்.

பேசினைக் கழுவச் சவர்க்காரமும் கொதிநீரும் போதும். டெற்றோல், லைசோல் போன்றவை பூனைக்கு நஞ்சு. சிறுநீர் தேங்கிய இடத்தில் குளோரின் ஊற்றினால் எழும் புகை உங்கள் நெஞ்சுக்கு ஆகாது.

சகோதரி, உங்கள் பூனை படிக்கட்டு மூலையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் முதல் பேசினை அங்கேயே வையுங்கள். முதலில் மணலே போடுங்கள். பழகிய பிறகு தினம் ஒரு சிரட்டை தும்புத்தூளைக் கலந்து கலந்து மாற்றுங்கள். பூச்சட்டி மண்ணின் மேல் கூழாங்கல் பரப்பினால் அங்கே போகாது. கடுவன் பூனையாக இருந்து, பேசினில் குந்திக் குந்தி முக்கியும் சிறுநீர் வராமல் கத்தினால் அது அடம் அல்ல, அடைப்பு. அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

உம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவருக்கு வேறு சந்தேகம் இருந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள்.