ஆடாத ஆட்டங்களின் பட்டியல்

பெண்கள் கால்பந்து என்று பேச்செடுத்தால் நம் இலக்கிய நண்பர்கள் சிலருக்கு உடனே எண்கள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. 2022 அக்டோபரில் புவனேசுவரத்தில், பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில், இந்தியச் சிறுமியர் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. மூன்று ஆட்டம், பதினாறு கோல், பதிலுக்கு ஒன்றுகூட இல்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிறார்கள். ஒரு பிரதியை அதன் மௌனங்களோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்று வருடக்கணக்காக நமக்குச் சொல்லித் தந்தவர்களும் இவர்கள்தாம். கவிதைக்குப் பொருந்தும் அந்த நியாயம் ஓர் ஆட்ட அட்டவணைக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது?

அட்டவணையை மேலிருந்தே வாசிப்போம். 1980-இன் தொடக்கத்தில் கோழிக்கோட்டில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் நடந்தது. இந்தியா ஒன்றல்ல, இரண்டு அணிகளைக் களமிறக்கியது. இறுதியாட்டம் வரை சென்று தைவானிடம் தோற்றது. 1983-இல் மறுபடியும் இறுதியாட்டம். இம்முறை தாய்லாந்திடம் தோல்வி. அந்நாளில் பெண்கள் கால்பந்தை நடத்தியது தனியானதொரு சம்மேளனம். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அதைத் தன் குடைக்குள் எடுத்துக்கொண்டது 1990-களின் தொடக்கத்தில்தான். குடைக்குள் வந்தபிறகும் நனைந்தார்கள் என்பதற்கு அட்டவணையே சாட்சி. 2009-இல் உலகத் தரவரிசையிலிருந்தே இந்தியப் பெண்கள் அணி நீக்கப்பட்டது. காரணம் தோல்வியல்ல. பதினெட்டு மாதங்களுக்கு மேலாக அந்த அணி ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. ஆட மாட்டோம் என்று சொன்னவர்கள் அந்தப் பெண்களா? ஆட்டத்தை ஏற்பாடு செய்வது யாருடைய உத்தியோகம்?

மறு ஆண்டே ஆடவிட்டார்கள். 2010-இன் தொடக்கத்தில் டாக்காவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம். அவ்வாண்டு இறுதியில் காக்ஸ் பஜாரில் முதல் தெற்காசியச் சாம்பியன் பட்டம். அதிலிருந்து 2019 வரை அந்தப் பட்டத்தைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றார்கள். பதினாறு கோல்களை மனப்பாடமாக ஒப்பிப்பவர் எவரும் இந்த ஐந்தைச் சொல்லி நாம் கேட்டதில்லை.

2022 ஜனவரியில் நடந்ததோ இன்னும் விநோதம். ஆசியக் கோப்பையை நடத்திய நாடே இந்தியா. நவி மும்பையில் ஈரானுடன் கோலின்றிச் சமன். அடுத்து தைவானுடனான ஆட்டத்திற்குமுன் அணியில் கொரோனா பரவி, குறைந்தபட்சம் வேண்டிய பதின்மூன்று பேரைக்கூடக் காட்ட முடியவில்லை. விதிப்படி, போட்டியிலிருந்து விலகியதாகக் கொள்ளப்பட்டது; ஈரானுடன் ஆடிய ஆட்டமும் செல்லாதென்று அழிக்கப்பட்டது. நோயை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் ஆடாவிட்டால் நீக்கம், ஆடினாலும் அழிப்பு என்றால், எஞ்சியிருக்கும் எண்களை வைத்துக்கொண்டு அந்தப் பெண்களின் திறனைத் தீர்ப்பிடுவது எவ்வகை விமர்சனம்?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் சிறு நாடான கினி-பிசாவுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆண்கள் அணி 2017-இல் தொடங்கித் தொடர்ச்சியாக நான்கு ஆப்பிரிக்கக் கோப்பைகளில் ஆடியது. பெண்கள் அணியின் வரலாற்றை எழுதச் சில வரிகள் போதும். அத்தகைய அணிகளின் பதிவுகளில் 'தோற்றது' என்பதற்கு இணையாக 'விலகியது' என்ற சொல்லும் வருகிறது. விலகுவது என்பது பெரும்பாலும் பயணச்சீட்டுக்குப் பணமில்லை என்பதன் நாகரிக வடிவம்.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியச் சாம்பியன் ஆனார்கள். 2019 மே மாதத்தில் மதுரையின் சேது அணி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய லீக், லூதியானாவில் மூன்று வாரத்திற்குள் நடத்தி முடிக்கப்பட்டது என்பது தனி வேதனை. இவ்விரண்டு வெற்றிகளும் நம் தெருக்களை எட்டவில்லை. அதே 2019 தீபாவளிக்கு 'பிகில்' வந்தபோதுதான் தமிழ்நாட்டுக்குப் பெண்கள் கால்பந்து அணி உண்டென்பது ஊருக்கே தெரிந்தது. பெண்கள் தாமே வென்றது செய்தியாகவில்லை. ஓர் ஆண் பயிற்சியாளர் வெல்லவைத்தால் அது திருவிழா.

தளியில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளைக்காரர்கள் இவ்வூரைக் குட்டி இங்கிலாந்து என்றார்களாம். அசல் இங்கிலாந்தின் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரஸ்டன் நகரின் டிக் கெர் தொழிற்சாலையில், முதல் உலகப்போருக்காக வெடிகுண்டு செய்துகொண்டிருந்த பெண்கள், கால்பந்து அணியொன்றை அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்களது ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். அடுத்த டிசம்பரில், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று கூறி, ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களில் அவர்களைத் தடைசெய்தது. அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அந்த ஐம்பது ஆண்டு வெற்றிடத்தையும் பெண்களின் இயலாமை என்றுதான் பிற்பாடு சிலர் வாசித்தார்கள்.

இன்று நம் ஒசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரமும் பெண்களின் உழைப்பில் இயங்கும் ஆலைப் பிரதேசந்தான். இங்குள்ள கைப்பேசி ஆலைக்கு ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து ஆறாயிரம் பழங்குடிப் பெண்கள் பயிற்சி பெற்று வருவதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சரே பெருமையோடு அறிவித்தார். புவனேசுவரத்தில் பதினாறு கோல் வாங்கிய அணியின் தலைவி அஷ்டம் உராவ் அதே ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தவர். ஊரில் அவர் பெயரில் சாலை போட்டபோது அவருடைய பெற்றோரே அங்கே கூலிவேலை செய்தார்கள் என்பதையும் அதற்கு முந்தைய மாதமே செய்தியில் படித்தோம்.

2025 ஜூலை 5 அன்று, சியாங் மாயில், 1983-இல் தோற்கடித்த அதே தாய்லாந்தை அதன் மண்ணிலேயே இந்தியப் பெண்கள் 2-1 என்று வென்றார்கள். இரு கோல்களும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை. முதன்முறையாகத் தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். அதே சுற்றில் மங்கோலியாவுக்கு அடித்தது பதின்மூன்று. எண்களின் ரசிகர்கள் குறித்துக்கொள்ளலாம்.

நம் வட்டாரத்து விடுதிகளில் ஷிப்ட் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெண்களிடம், உங்களில் பந்தாடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்டு, கைதூக்கியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணிநேரம் ஒரு மைதானத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்களா?