அரிப்பு என்றாலே அவிலா?

சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியில் மார்ஃபின் சேர்த்தால் அரிக்கும், அது அலர்ஜி, முன்கூட்டியே அவில் போட்டால் தீர்ந்தது என்கிறார் நண்பர். தீராது. அவில் தடுப்பது ஹிஸ்டமினை; இந்த அரிப்பைக் கிளப்புவதோ ஹிஸ்டமின் அல்ல. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் உள்ள மியூ ஓபியாய்டு ஏற்பிகளை மார்ஃபின் தூண்டுவதுதான் முக்கியக் காரணம். தோலில் தடிப்பே இல்லாமல் மூக்கும் முகமும் அரிக்கிறதே, கவனித்ததில்லையா? அவில் தருவது தூக்கம். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டியவளைத் தூங்கவைத்துவிட்டு 'குணமாகிவிட்டது' என்பது நல்ல வேடிக்கை!

தடுக்க வேண்டுமானால் மார்ஃபின் அளவில் கைவையுங்கள். பெரும்பாலும் 100 மைக்ரோகிராமே வலிக்குப் போதும். கூட்டக் கூட்ட அரிப்பும் கூடும். வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரான் இந்த அரிப்பைத் தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மீறி அரித்தால் மியூ ஏற்பியை மறிக்கும் நால்பியூஃபின், அதுவும் சிறு அளவில்: வலிநிவாரணம் அவ்வளவாகக் கெடாது. அதே ஏற்பியை மறிக்கும் நலாக்சோன் அளவு மீறினாலோ வலியே திரும்பிவிடும்.