மாட்டுப் பித்த நோய்: திசையன்விளையில் பயப்படணுமா?

திசையன்விளைப் பக்கம் மாட்டுக்கு வைக்கோல், தவிடு, புண்ணாக்குதான் தீனி. பிரிட்டனில் கால்நடைகளின் இறைச்சி, எலும்புத்தூளையே தீவனத்தில் கலந்தாங்க. அதில் பரவிய நோய் 1986-ல் கண்டறியப்பட்டது. 1,80,000-க்கும் மேற்பட்ட மாடுகள் பாதிக்கப்பட்டன.

மனுஷங்களுக்கு வருமா?
வரும், நோயுள்ள மாட்டிறைச்சி மூலம். காரணம் 'பிரியான்' புரதம். சமைத்தாலும் அழியாது, குணப்படுத்த மருந்தும் இல்லை. பிரிட்டனில் 178 பேர் இறந்தனர். பால் மூலம் பரவியதாக ஆதாரமில்லை.

வியாபாரம்?
1996-ல் பிரிட்டன் மாட்டிறைச்சிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. முழுசா விலக 10 வருஷம் ஆச்சு.

இந்தியாவில்?
ஒரு பாதிப்புகூட பதிவாகலை. உலக விலங்கு நல அமைப்பும் 'மிகக் குறைந்த அபாயம்' என்றே சொல்கிறது. எருமை இறைச்சி ஏற்றுமதிக்கு இந்தப் பெயர் முக்கியம். அதைக் காப்பது தீவனம்தான். மூட்டைத் தீவனம் வாங்கினால், என்ன சேர்த்திருக்காங்கன்னு படிச்சுப் பாருங்க.