மண்டைக்குச் சட்டம், தாடைக்கு?

மண்டை தப்பினால் போதும், முகம் எக்கேடு கெட்டால் என்ன என்று சட்டம் போடுகிறவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை 2021 ஜூன் 1 முதல் விற்கக் கூடாது என்ற உத்தரவு நல்லதுதான். ஆனால் தாடையை மூடாத ஹெல்மெட்டுக்கும் அதே முத்திரை கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு போலீஸ் சோதனையைத் தாராளமாகக் கடக்கலாம்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு விடியுமுன் இருசக்கர வண்டியில் வருகிறவர், கேரளத்துக்குச் சரக்கேற்றிய லாரிகளுக்கு நடுவே முகம் குப்புற விழுந்தால் என்ன ஆகும்? கீழ்த்தாடை இரு பக்கமும் முறிந்தால், நாக்கை முன்னால் இழுத்து வைத்திருக்கும் பிடிமானம் போய்விடும். மல்லாக்கப் படுக்கவைத்ததும் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். ரத்தமும் உடைந்த பல்லும் அதற்கு மேல். நினைவோடு இருப்பவர் குனிந்து உட்கார்ந்து, ரத்தத்தைத் துப்பித் துப்பித்தான் மூச்சு விடுவார். பதறிப்போய் அவரைப் படுக்கவைப்பது நாம்தான். நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

ஆஸ்பத்திரி வாசலை அடைந்தாலும் மயக்க மருந்து டாக்டருக்கு வழி எளிதல்ல. நொறுங்கிய முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் பொருந்தாது. மண்டையோட்டின் அடிப்பாகமும் உடைந்திருக்கலாம் என்பதால் மூக்கு வழியே குழாய் விடத் தயங்குவார். கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம், தலையை அண்ணாத்தவும் முடியாது. வாய் வழியும் அடைபட்டால் மிஞ்சுவது தொண்டையைக் கீறிக் குழாய் போடுவதுதான். அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி உள்ள திண்டுக்கல்லுக்கோ சுமார் 30 கிலோமீட்டர்.

தில்லியோ சென்னையோ, முடிவெடுக்கும் நாற்காலிகளுக்கு அரைகுறை வேலை புதிதல்ல. 2007-ல் தமிழகத்தில் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். பின்னால் உட்காரும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் மண்டை என்ன இரும்பா? பிறகு அந்தச் சட்டத்தையே தூங்கவிட்டார்கள். 2015 ஜூலை 1 முதல் கண்டிப்பாக அமல்படுத்த உயர் நீதிமன்றம் அதட்ட வேண்டியிருந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை 2021 டிசம்பரில் வந்தது. நல்ல திட்டம், மனமாரச் சொல்கிறோம். ஆனால் தொண்டை அடைத்து ஐந்தாவது நிமிடத்தில் போகிறவருக்கு 48 மணி நேரம் எதற்கு?

முத்திரை குத்துமுன் தாடையையும் கணக்கில் எடுங்கள். எப்படி என்பதை விவரம் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பழனிச் சாலையில் அடுத்த தைப்பூசக் கூட்டம் நிரம்புவதற்குள்ளாவது பேசத் தொடங்குங்கள்.