ஒற்றுத்தாளிலும் ஆங்கிலமா?

திருப்பெரும்புதூர் - ஒரகடம் ஆலைத்தொடரில் அமைந்த ஊர் பிள்ளைப்பாக்கம். ஏரியால் பெயர்பெற்ற அவ்வூரில் இன்று சிப்காட்டுத் தொழிற்பூங்கா நிற்கின்றது. 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனமொன்றின் கதிரவ மின்தகட்டு ஆலையும் அங்குத் திறக்கப்பெற்றது. சுற்றுவட்டப் பள்ளிகளில் தமிழ்வழி பயிலும் பிள்ளைகள் எந்திரன் செய்யவும், மாணவர் எந்திரன் போட்டிகளில் இறங்கவும் விழைவரேல் அஃது இயல்பே. ஆனால், அப்போட்டிக் களத்தில் அவர்தம் கையில் கொடுக்கப்பெறும் முதல் தாளே ஆங்கிலத் தாளாயிருப்பின், அவ்விழைவு எத்துணை நாள் நிற்கும்?

இங்குக் குறிக்கப்பெறுவது ஒற்றுத்தாள். பிற குழுக்களின் எந்திரன்கள் களத்தில் என்ன செய்தன, என்ன செய்யத் தவறின என்று பார்த்திருந்து பதியும் தாள் அது. தீன் கேமன் என்பார் 1989-இல் அமெரிக்காவில் நிறுவிய 'பர்சுட்டு' அமைப்பின் 'டெக் சேலஞ்சு' போட்டி இந்தியாவிலும் நடைபெறுகின்றது. அதில் முதல் 30 நொடி எந்திரன் தானே இயங்கும். பின்னர் 2 மணித்துளி மாணவர் அதனை இயக்குவர். இரு குழுக்கள் ஒரு கூட்டணி. எதிரே வேறிரு குழுக்கள். தகுதிச் சுற்று முடிந்தபின் முன்னணிக் குழுக்கள் இறுதிச் சுற்றுக்கான துணைவரைத் தாமே தேர்ந்துகொள்ளும். பலகையில் காட்டப்பெறும் புள்ளியோ கூட்டணியின் புள்ளி. அதில் எவ்வெந்திரன் உழைத்தது, எது தோழனின் தோளில் ஏறி வந்தது என்பதைப் பலகை சொல்லாது, ஒற்றுத்தாளே சொல்லும்.

இத்தாள் ஏதோ மேலைநாட்டார் கண்டுபிடிப்பு என்று வாய்பிளப்போர் திருக்குறளைப் புரட்டிப் பார்க்கட்டும். வினையின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை ஆகியவற்றோடு துணைவரின் வலிமையையும் தூக்கிப் பார்க்கச் சொல்வது வலியறிதல் அதிகாரம். ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்கவும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தவழியே தெளியவும் கற்பிப்பது ஒற்றாடல். ஓர் எந்திரனை ஒரு பிள்ளை மட்டும் பார்த்தால் போதாது, மூவர் தனித்தனியே பதிந்து ஒத்துப் பார்த்தல் வேண்டும் என்னும் முறை இதனின் வேறானதா?

இத்தகைய மரபில் வந்த பிள்ளை ஆங்கிலத் தாளை எவ்வாறு நிரப்பும்? ஒரு கட்டத்தில் 'குட்', அடுத்ததில் 'ஓக்கே', அதற்கடுத்ததில் மீண்டும் 'குட்'. மாலையில் குழு கூடிப் பார்க்குங்கால் இருபது எந்திரன்களும் நல்லவையே! அப்பிள்ளை கண்டதோ வேறு: கவ்வியது, தூக்குகையில் நழுவவிட்டது, இடறியது, ஆனால் கவிழவில்லை, பாதி ஆட்டத்தில் தொடர்பற்று நின்றது. கண்ட நொடியிலேயே தமிழில் எழும் இச்சொற்களை அடக்கிவிட்டு ஆங்கிலச் சொல் தேடுவதற்குள் அடுத்த நிகழ்ச்சி களத்தில் முடிந்துபோகின்றது. ஆங்கிலத்திலும் இவற்றிற்குச் சொல் உண்டு. அப்பிள்ளையின் கையில் இல்லை.

தமிழ்த்தாள் செய்வது அரிதன்று. மேலே குழு எண், ஆட்ட எண். பின்னர்த் தன்னியக்கம், ஓட்டியக்கம் என இரு பகுதி. ஒவ்வொன்றிலும் 'முயன்றது', 'முடித்தது' எனத் தனித்தனிக் கட்டங்கள். பத்து முறை முயன்று ஐந்தை முடித்ததும், ஐந்தே முயன்று ஐந்தையும் முடித்ததும் ஒன்றாகா. எந்திரன் ஒன்றும் செய்யாவிடின் 0 இடுக. பார்ப்பவர் காணத் தவறியிருப்பின் 'கா' என்று எழுதுக. காணாததைச் சுழியமாக்குதல் பொய்யுரைத்தலாகும். கணக்கிடும்போது நிரவலை மட்டும் நம்பலாகாது. நான்கு ஆட்டங்களில் 2, 20, 2, 20 எனப் போட்ட எந்திரனின் நிரவல் 11. 10, 11, 9, 10 எனப் போட்டதன் நிரவல் 10. இறுதிச் சுற்றில் எதனை நம்பித் தோள் கொடுப்பது?

"உலகப் போட்டிக்குத் தமிழ்த்தாளா?" என்று கேட்கும் அறிவாளிகட்கு ஒன்று. விதிநூல் ஆங்கிலத்தில் உள்ளது, அதனைப் படிக்கட்டும். ஒற்றுத்தாளோ குழுவின் சொந்தத் தாள். நடுவர் எவரும் அதனைக் கேட்பதில்லை. (எதிர்க்குழு எட்டிப் பார்த்தாலும் படிக்க இயலாமை கூடுதல் ஊதியம்!)

சப்பானியர் தம் ஆலைத் தாள்களைத் தம் மொழியில் எழுதினர். அதனாலேயே 'கைசன்' என்னும் அவர்தம் சொல் இன்று ஒரகடத்துத் தமிழ்த் தொழிலாளி வாயிலும் வழங்குகின்றது. தமிழனோ அதே ஆலையில் சப்பானியச் சொல்லைக் கற்பான், ஆங்கிலச் சொல்லைக் கற்பான், தன் சொல்லைச் சொல்ல நாணுவான். அமெரிக்கரான கிரீன் என்னும் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், தமிழில் நூலும் ஆக்கினார். அண்ணா பல்கலைக்கழகமோ 2010-இல்தான் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. 2023-இல் அதன் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அறுவையையே தமிழில் கற்பித்த மொழிக்கு உருளை சிக்கியதைக் குறிக்கவா ஆற்றல் இல்லை?

பல்கலைக்கழகம் மனம் மாறும்வரை பிள்ளைப்பாக்கத்துப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. அறிவியல் ஆசிரியர் ஒருவர் அரைத்தாளில் பதினைந்து கட்டம் கீறித் தமிழில் தலைப்பிட்டுப் படியெடுத்தால் போதும். களத்திற்குச் செல்லுமுன், பழைய ஆட்டமொன்றின் படக்காட்சியை மூன்று பிள்ளைகட்கு ஓட்டிக் காட்டித் தனித்தனியே நிரப்பச் சொல்லட்டும். மூவர் தாளும் எந்தக் கட்டத்தில் வேறுபடுகின்றனவோ, அந்தக் கட்டத்தின் தலைப்பைத் திருத்தி எழுதட்டும்.