வீடியோ காலில் முழங்கால் தெரியாது

பம்மலில் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. நடு ராத்திரியில் தலைக்கு மேல் ஒரு விமானம் இரைந்துகொண்டு போனால்கூட யாரும் புரண்டு படுப்பதில்லை. ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி, சில வீடுகளில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பிள்ளை வந்து இறங்குகிற ராத்திரி அது.

அந்த ஒரு ராத்திரிக்கு வீடு இரண்டு மாதமாகத் தயாராகிறது. ஏ.சி.யை சர்வீஸ் செய்தாகிவிட்டது. பேரனுக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று கேன் தண்ணீர் இரண்டு கூடுதலாகச் சொல்லியாகிவிட்டது. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாகிவிட்டது. கறிவேப்பிலைப் பொடியும் புளிக்காய்ச்சலும் டப்பாவில் ஏறிவிட்டன. வாசல் விளக்கு எரிகிறது. அம்மா, மாவு பொங்கி வழிகிறதா என்று பார்க்கிற சாக்கில் நாலு தடவை எழுந்து நடக்கிறார்.

பிள்ளையும் வந்து சேர்கிறான். பதினெட்டு நாள் லீவு. அதன் பிறகு நடப்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

பதினெட்டு நாள் கணக்கு

முதல் மூன்று நாள், பகலில் தூக்கமும் ராத்திரியில் விழிப்புமாகப் போய்விடும். மனைவியின் அம்மா வீடு திருநெல்வேலிப் பக்கம் என்றால் அங்கே ஐந்து நாள். குலதெய்வம் கோயிலுக்கு இரண்டு நாள். தி.நகரில் துணி, நகைக்கு ஒரு நாள். பேங்க், ஆதார், பல் டாக்டர் என்று இரண்டு நாள். இடையில் ஒரு கல்யாணம். சித்தப்பா வீடு, அத்தை வீடு, பெரியம்மா வீடு, பழைய நண்பர்கள் என்று மீதி நாட்களும் பறக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், அப்பா அம்மாவோடு சும்மா உட்கார்ந்த நாள் இரண்டுகூடத் தேறாது.

இது யாருடைய குற்றமும் இல்லை. கிடைக்கிற லீவு அவ்வளவுதான். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு என்று சட்டம் இருக்கிறது. சிங்கப்பூர் சட்டப்படி முதல் வருஷம் குறைந்தபட்சம் 7 நாள்தான். வருஷத்துக்கு ஒரு நாளாகக் கூடி, எட்டாவது வருஷத்தில் 14 நாள். அமெரிக்காவில் சம்பளத்தோடு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்திய சட்டமே கிடையாது, கம்பெனி கொடுப்பதுதான். போதாக்குறைக்கு விசா கவலை வேறு. 2025 டிசம்பரில் விசா முத்திரைக்காக இந்தியா வந்த ஐ.டி. ஊழியர்கள் பலருக்கு, சமூக ஊடகக் கணக்குகளைப் பரிசோதிக்கும் புது நடைமுறையால் தூதரக நேர்காணல் 2026-க்குத் தள்ளிப்போனது. வந்தவர்கள் திரும்ப முடியாமல் தவித்தார்கள். அதைப் பார்த்து, வரவிருந்தவர்கள் பலர் பயணத்தையே தள்ளிப்போட்டார்கள்.

ஒரு காலத்தில் கதை வேறாக இருந்தது. 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ‘ரஜுலா’ என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. கடலிலேயே ஏறக்குறைய ஒரு வாரம் போய்விடும். அவ்வளவு பாடுபட்டு ஊருக்கு வருகிறவர் பத்தே நாளில் திரும்பிப் போக மாட்டார், மாதக்கணக்கில் தங்குவார். இன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம். பயணம் சுருங்கியதோடு தங்குவதும் சுருங்கிவிட்டது.

“நாங்க நல்லா இருக்கோம்”

கப்பல் காலத்தில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: கைபேசி. வாரம் தவறாமல் வீடியோ காலில் பேசுகிறோம். “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்டால், “எங்களுக்கென்னப்பா, நல்லா இருக்கோம். நீ சாப்பிட்டியா?” என்று பதில் வருகிறது. முகமும் தெரிகிறது, சிரிப்பும் தெரிகிறது. கவலையில்லாமல் போனை வைத்துவிடுகிறோம்.

ஆனால் வீடியோ காலில் முகம்தான் தெரியும். முழங்கால் தெரியாது.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மேஜையைப் பிடித்துக்கொள்வது தெரியாது. அம்மா மாடிக்குப் போய்த் துணி காயப்போடுவதை நிறுத்தி ஆறு மாதமாகிவிட்டது தெரியாது. மாத்திரை அட்டையில் செவ்வாய், புதன் இரண்டு நாளும் பிரிக்காமல் அப்படியே இருப்பது தெரியாது. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ‘அத்தனை தூரத்தில் இருக்கிற பிள்ளையால் என்ன செய்ய முடியும், எதற்கு அவனையும் கலங்கடிக்க வேண்டும்’ என்ற நினைப்புதான்.

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. வேலை போய் மூன்று மாதம் வீட்டில் இருந்ததையும், பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் வந்த சிக்கலையும் அவர்கள் மட்டும் சொல்லிவிடுகிறார்களா என்ன? இரண்டு பக்கமும் நல்ல செய்தி மட்டுமே போய் வருகிறது.

ஊருக்கு வருவது, போனில் சொல்லாமல் விட்டதைக் கண்ணால் பார்ப்பதற்கு. விருந்தும் ஷாப்பிங்கும் அதற்கு அடுத்துத்தான்.

சந்தை வரைக்கும் ஒரு நடை

அதைப் பார்க்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பம்மல்காரர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடும். காய்கறி, பூச்செடி, மீன் தொட்டி, பழைய மின்விசிறி, பழைய செல்போன் என்று எல்லாம் கிடைக்கும். மகன் காரை எடுக்காமல், “வாங்கப்பா, சந்தைக்குப் போயிட்டு வரலாம்” என்று கூப்பிட்டுக்கொண்டு போனாலே போதும்.

குன்றத்தூர் சாலையில் ஷேர் ஆட்டோவில் ஏறும்போதே பாதி தெரிந்துவிடும். அப்பா முதலில் எந்தக் காலை வைக்கிறார், கம்பியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறார் என்று பாருங்கள். சந்தைக்குள் எத்தனை தடவை நின்று மூச்சு வாங்குகிறார்? மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்கிறாரா? அப்படியானால் கண் பரிசோதனை பாக்கி இருக்கிறது. கடைக்காரர் சொன்ன விலையை இரண்டு தடவை கேட்கிறாரா? காதையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஐம்பது வீடியோ காலில் தெரியாதது இந்த ஒரு மணி நேரத்தில் தெரியும்.

அம்மாவுக்கு இதே பரிசோதனை சமையலறையில். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்தால் போதும். பழைய அம்மி, குக்கர், பரண்மேல் ஏற்றிய பாத்திரம் என்று பேச்சு போகும்போதே, “இப்பல்லாம் பரண்ல இருந்து எதையும் எடுக்கிறதில்லப்பா, தலை சுத்துது” என்று தானாக வந்து விழும்.

கூட வளர்ந்த நண்பன் ஒருவன் ஊரிலேயே இருப்பான். அவனைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. “போன தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி உங்க அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேனேடா. உன்கிட்ட சொல்லலையா?” என்று அவன் கேட்கலாம். பெற்றவர்கள் மறைத்ததைச் சொல்கிறவன் அவன்தான். அந்த ராத்திரி உங்கள் இடத்தில் நின்றவனும் அவன்தான். அவனுக்கு ஒரு வாசனைத் திரவிய பாட்டில் கொடுத்தால் மட்டும் போதாது. அவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மா கையால் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வர வேண்டும்.

முதல் வாரத்தில் முடிக்க வேண்டியவை

பார்த்தாகிவிட்டது. அடுத்து என்ன?

டாக்டரிடம் போவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எழுதினால் முடிவு வரவும், மறுபடி டாக்டரைப் பார்க்கவும் நாள் வேண்டும். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையெல்லாம் வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் எந்த நாட்டிலிருந்தும் அது உதவும்.

பேங்க் வேலையில் முக்கியமானது நாமினி. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை நாமினியாகப் போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். முப்பது வருஷம் முன்னால் திறந்த கணக்கில் நாமினியே இல்லாமலோ, காலமாகிவிட்ட பாட்டியின் பெயரோடோ இருப்பது சாதாரணம். அப்பா மத்திய அரசு ஓய்வூதியர் என்றால், நவம்பரில் கொடுக்கிற உயிர்ச் சான்றிதழைக் கைபேசியில் முகத்தைக் காட்டியே பதியலாம். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். அதை ஒரு தடவை கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த வருஷம் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

முகவரியையும் பாருங்கள். 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. 2021-ல் பம்மல் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. பழைய பத்திரத்திலும் வரி ரசீதிலும் இருப்பது பழைய பெயர்தான். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று அப்பாவையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போது சொத்துப் பேச்சு எடுப்பதாக நினைத்துவிடுவாரோ என்று தயங்க வேண்டாம். பெரும்பாலும் அவரும் இதைச் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு சாவி இருக்கட்டும். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. அதையும் 108-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

எல்லார் வீட்டுக்கும் போக வேண்டுமா?

“அவங்க வீட்டுக்கு மட்டும் போனான், எங்க வீட்டுக்கு வரலை.” இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தே பலர் பத்து நாளைத் தொலைத்துவிடுகிறார்கள். பதினாலு வீட்டில் பதினாலு காபியும், “பார்த்து வர்றேன் அத்தை” என்று பாதியில் எழுந்து ஓடுவதும் யாருக்கும் திருப்தியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுவது எவ்வளவோ மேல். அம்மாவைச் சமைக்க விடாமல் வெளியே சொல்லிவிட்டால் அவரும் உட்கார்ந்து பேசலாம்.

இரண்டு வீடுகளுக்கு மட்டும் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். ஒன்று, நீங்கள் இல்லாதபோது சாவு விழுந்த வீடு. போனில் விசாரித்திருந்தாலும், நேரில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் முறை. இன்னொன்று, உங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க முடியாமல் படுக்கையில் இருக்கிறவரின் வீடு.

மருமகளின் கணக்கையும் மறக்கக் கூடாது. அவளுக்கும் ஒரு அப்பா இருக்கிறார். அவருக்கும் முழங்கால் இருக்கிறது. “அங்கே ஐந்து நாளா?” என்று முகம் சுளிக்காமல், இந்தத் தடவை இங்கே அதிகம் என்றால் அடுத்த தடவை அங்கே அதிகம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வீட்டுக்கும் மனக்குறை இல்லை.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை

பிள்ளை வந்திருக்கிறானே என்று மூன்று வேளையும் விருந்து வைத்துக் களைத்துப்போகாதீர்கள். அவன் வெளிநாட்டில் நினைத்துக்கொண்டிருந்தது, பெரும்பாலும், சாதாரண ரசமும் அப்பளமும்தான். பேரன் தமிழில் தடுமாறினால் கேலி செய்ய வேண்டாம். காலையில் பால் வாங்கப் போகும்போது தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு அவனும் வரட்டும். தெருநாய்க்கும் பால்காரருக்கும் சொல்ல நாலு வார்த்தையை அவனே பிடித்துக்கொள்வான்.

முக்கியமாக, வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவனால் ஒன்றும் செய்ய முடியாது என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். நல்ல டாக்டரைத் தேட முடியும், நண்பனை அனுப்ப முடியும், தேவைப்பட்டால் கிளம்பி வரவும் முடியும். பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதுதான் அவனுக்குத் தாங்க முடியாதது.

பதினெட்டாம் நாள் ராத்திரி, பெட்டிகளை எடைபோட்டு, ஒரு ஊறுகாய் டப்பாவை எடுத்து வெளியே வைத்து, மறுபடி உள்ளே திணித்து, கார் கிளம்பும். பம்மலிலிருந்து விமான நிலையம் அந்த நேரத்துக்கு வெறும் சில நிமிஷப் பயணம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். வாசல் விளக்கை அணைத்துவிட்டு அப்பா கதவைச் சாத்துவார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் வரும். ஆனால் இந்தத் தடவை “எப்படிப்பா இருக்கீங்க?” என்று மகன் கேட்கவில்லை.

“டாக்டர் சொன்ன கால் பயிற்சி பண்றீங்களாப்பா? எங்கே, எழுந்து நில்லுங்க பார்ப்போம். போனைக் கொஞ்சம் கீழே காட்டுங்கம்மா.”