பேர் போட்ட பாட்டிலும் பேர் இல்லாத கிளியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிகாரன் இல்லை. பி.காம். மூன்றாம் வருடம் படிக்கும் கம்மாபுரத்துப் பையன். எங்கள் பக்கம் டாஸ்மாக்கை இன்னும் 'ஒயின் ஷாப்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் அங்கே போய் ஒயின் வாங்கிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை!

விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மா பையன் கப்பலில் வேலை பார்க்கிறார். வீடு அரியாங்குப்பத்தில். போன லீவில் வந்தபோது இத்தாலியிலிருந்து ஒரே ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்திருந்தார். பெரிய கம்பெனி சரக்கு இல்லையாம். ஒரு குடும்பம் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் தானே செய்து தானே பாட்டிலில் அடைத்தது. பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம். "ஒரு வாய் குடிச்சுப் பாருடா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார்.

இனிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. முதலில் களாக்காய் மாதிரி ஒரு புளிப்பு. அப்புறம் நாவல்பழம் தின்றது போல நாக்கும் ஈறும் இழுத்துப் பிடித்தன. முகத்தைச் சுளித்தேன். "அவசரப்படாத, கொஞ்சம் காத்தாடட்டும்" என்றார் அண்ணன். அரைமணி நேரம் கழித்து அடுத்த வாய். அதே ஒயின்தான், ஆனால் முரடு குறைந்து, மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசனை. பிடித்ததா என்று கேட்டால் இன்னும் தெரியவில்லை. மறக்கவில்லை, அது மட்டும் நிச்சயம்.

ஒயினை விட எனக்குப் பிடித்தது அந்த லேபிள். வணிகவியல் புத்தி! கியாந்தி வகை ஒயின், சான்ஜியோவேசே என்ற திராட்சை. செய்த குடும்பத்தின் பெயர், ஊர் பெயர், அறுவடை வருடம், விளைந்த இடத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்று ஒரு வரி. கழுத்தில் அரசாங்கம் கொடுத்த எண் போட்ட சீட்டு. கியாந்தி என்றால் எந்த எல்லைக்குள் விளைந்தது என்று 1716லேயே அங்கே ஒரு பிரபு உத்தரவு போட்டிருக்கிறார். லேபிளின் அடியில் மாவட்டத்தின் பெயர்: அரெஸ்ஸோ.

அந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அரிக்கமேடு இருக்கிறது. மறுநாள் போய்ப் பார்த்தோம். ஆற்றோரம் மேடும் மரங்களும் ஒரு பழைய கட்டிடத்தின் சுவரும்தான். அங்கிருந்து நேராகப் புதுச்சேரி அருங்காட்சியகம். அங்கே ஞாபகம் வந்துவிட்டது.

1945ல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. கிரேக்கத் தீவான கோஸ், இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம் என்று பல இடத்துச் சாடிகள். யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூற்றில் நக்கீரரே பாடியிருக்கிறார். ஆக, தமிழன் இத்தாலி ஒயினை ருசி பார்த்து 2000 வருடம் ஆகிறது. நான் ரொம்ப லேட்!

சாடிகளோடு பளபளப்பான சிவப்புப் பாண்டங்களும் கிடைத்தன. அவை அரெஸ்ஸோ பாண்டங்கள். அந்த ஊர்க் குயவர்கள் அடியில் தங்கள் பட்டறை முத்திரையைக் குத்துவார்கள். அரிக்கமேட்டுத் துண்டுகளிலும் 'வீபி', 'காமுரி' என்று பெயர்கள் இருந்தன. அந்தப் பாண்டம் எந்தக் காலத்தது என்று ஐரோப்பாவில் முன்பே கணக்கு இருந்ததால், அதே மண்ணடுக்கில் கிடைத்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தோண்டியபோது ஊர் இன்னும் பழையது என்று தெரிந்தது வேறு விஷயம். ஆனால் கணக்கைத் தொடங்கி வைத்தவர்களில் பேர் போட்ட அந்தக் குயவர்களும் உண்டு.

நம் பானைகளிலும் தமிழ்ப் பிராமியில் பெயர்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பானையின் சொந்தக்காரர் பெயர்கள் என்கிறார்கள். சிரிப்பு வந்தது. இன்றைக்கும் சீர்வரிசை எவர்சில்வர் பாத்திரத்தில் வாங்கியவர் பேரை வெட்டுகிறோமே தவிர, செய்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். என் மாமா அங்கே சின்னதாகப் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறார். அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுட்டு, டஜன் கணக்கில் வியாபாரிக்குப் போகும். இரண்டு வருடம் முன்னால் சென்னையில் ஒரு கொலு பொம்மைக் கடையில் மாமாவின் கிளியைப் பார்த்தேன். எப்படித் தெரியும் என்றால், அந்த அச்சிலேயே கிளியின் மூக்கு கொஞ்சம் சப்பை. அடியில் கடையின் ஸ்டிக்கர். மாமாவுக்குக் கிடைத்ததைப் போல பல மடங்கு விலை.

ஊருக்கு வந்து, "உங்க பேரை அடியில குத்துங்க மாமா" என்றேன். "பேர் போட்டா வியாபாரி எடுக்க மாட்டான். ஒடஞ்சா, விரிசல் விட்டா என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க" என்றார்.

அந்தப் பயம் நியாயமானது. ஒரே வியாபாரியை நம்பிப் பிழைப்பவர் அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. ஆனால் வாசலில் வந்து நிற்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்குத்தானே அந்த இத்தாலிக் குடும்பத்தின் ஒயினுக்கு விலை? புளித்துப்போனால் யாரைத் திட்டுவது என்று லேபிளிலேயே எழுதியிருக்கிறது. பேர் என்பது விளம்பரம் இல்லை, பொறுப்பு. பொறுப்பை ஏற்காதவரை லாபம் அடுத்தவனுக்குத்தான்.

புவிசார் குறியீடு இருக்கிறதே என்பீர்கள். நல்ல விஷயம்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் கிடைத்தது. எங்கள் மாவட்டத்துப் பண்ருட்டி பலாவுக்கும் 2025ல் கிடைத்தது. ஆனால் அது ஊரின் பேர். அதைப் பயன்படுத்தவும் உற்பத்தியாளர் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊர்ப் பேருக்குக் கீழே ஆள் பேர் இல்லாவிட்டால், அதிலும் வியாபாரியே முந்திக்கொள்வார்.

வர்த்தக முத்திரைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தனிநபருக்கு ஒரு வகைக்கு 4,500 ரூபாய். கிடைத்தால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். நான் பூர்த்தி செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மாமா இன்னும் சரி சொல்லவில்லை. ஆனால் போன வாரம் பட்டறைக்குப் போனபோது ஒன்று பார்த்தேன். வியாபாரிக்குப் போகாத பத்துக் கிளிகள் தனியாக இருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்து.

மூக்கு மட்டும் இன்னும் சப்பைதான். பரவாயில்லை, இனி அது யார் வீட்டு மூக்கு என்று தெரியும்.